9 பேரில் 5 பேர்: சின்னத் தமிழ்ப்பள்ளியின் தேர்ச்சிக் கணக்கை எப்படிப் படிப்பது?

20.01.2025, கேள்வி (மலேசியாவின் பினாங்கு மாநிலம், பட்டர்வொர்த் பெற்றோர் ஒருவர்)

எங்கள் பள்ளியில் மொத்தமே 64 பிள்ளைகள். போன வருஷம் தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் ஆண்டில் 89 விழுக்காடு எல்லாப் பாடத்திலும் அடைவுநிலை 3-ஐ (மொத்தம் 6 நிலை, 3 குறைந்தபட்சம்) எட்டினார்கள். இந்த வருஷம் 56. புதுத் தலைமையாசிரியர் வந்த முதல் வருஷம் இது. பக்கத்தில் 400 பிள்ளைகள் படிக்கும் பள்ளி 80-க்குக் கீழே போனதே இல்லை. என் மகன் பிப்ரவரியில் மூன்றாம் ஆண்டு போகிறான். இப்போதே மாற்றிவிடலாமா? சின்னப் பள்ளி என்றால் இப்படித்தானா?

21.01.2025

ஆறாம் ஆண்டில் எத்தனை பேர் என்று முதலில் கேட்டுக்கொண்டேன். 9 பேர். போன வருஷமும் 9 பேர்.

அப்படியானால் 89 என்பது 8 பிள்ளைகள், 56 என்பது 5 பிள்ளைகள். சரிந்தது 33 விழுக்காடு இல்லை, 3 பிள்ளைகள். போன வருஷத்து 9 பேர் வேறு, இந்த வருஷத்து 9 பேர் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் எங்கேயும் சரியவில்லை. இரண்டு வேறு வகுப்புகளை அருகருகே நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

9 பேர் வகுப்பில் ஒரு பிள்ளை 11.1 விழுக்காடு. பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பலகையில் போடும் விழுக்காட்டுக்குப் பக்கத்தில் தலைக்கணக்கையும் போடச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

21.01.2025, இரவு

கணக்குப் பிரியர்களுக்காக. ஒரு பள்ளியில் நான்கில் மூன்று பிள்ளைகள் தேறுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மாறவில்லை, பாடநூல் மாறவில்லை, எதுவும் மாறவில்லை. ஆண்டுக்கு 9 பேர் ஆறாம் ஆண்டை முடிக்கிறார்கள். தற்செயல் ஒன்றே வேலை செய்தால்:

9 பேரும் தேறும் வாய்ப்பு 7.5 விழுக்காடு. 13 வருஷத்தில் ஒரு தடவை பேனர் கட்டலாம்.

5 பேரோ அதற்கும் குறைவாகவோ தேறும் வாய்ப்பு 16.6 விழுக்காடு. ஆறு வருஷத்தில் ஒரு தடவை திட்டு வாங்கலாம்.

ஐந்து வருஷத்தில் ஒரு முறையாவது அந்தத் திட்டு வாங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு.

எக்செல்லில் பைனாம்.டிஸ்ட் (BINOM.DIST) சூத்திரத்தில் 5, 9, 0.75, ட்ரூ என்று வரிசையாகக் கொடுத்தால் 0.166 வரும். உங்கள் பள்ளி எண்ணை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பக்கத்துப் பள்ளிக்கு 80-க்குக் குறையாத மர்மம் என்ன? 400 பிள்ளைகள் என்றால் ஆறாம் ஆண்டில் 65 பேர் அளவில் இருப்பார்கள். அந்த எண்ணிக்கையில் வழக்கமான ஏற்ற இறக்கம் 5 புள்ளி. 9 பேருக்கு அதுவே 14 புள்ளிக்கு மேல். பெரிய பள்ளியின் எண் நிலையாக இருப்பதற்கு முதல் காரணம் அது பெரிய பள்ளி என்பது. நல்ல பள்ளியாகவும் இருக்கலாம், அதை இந்த எண் சொல்லாது.

22.01.2025

நேற்றைய கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் தனித்தனியாகச் சுண்டிய காசு இல்லை. ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பறை, ஒரே கோவிட் தொற்றுக்காலம். கணித டீச்சர் மகப்பேறு விடுப்பில் போய், மாற்று ஆசிரியர் வரத் தாமதமானால் 9 பேரும் ஒன்றாகத்தான் அடிபடுவார்கள். சின்னப் பள்ளியில் அதே டீச்சர் 4, 5, 6 மூன்று ஆண்டுகளுக்கும் கணிதம் எடுப்பவராக இருப்பார். ஆகவே உண்மையான ஆட்டம் 14 புள்ளியை விடப் பெரிது.

24.01.2025

“2019-ல் இதே பள்ளி யூ.பி.எஸ்.ஆரில் 100 விழுக்காடு வாங்கியது, இப்போது பாருங்கள்” என்று ஓர் ஐயா எழுதியிருக்கிறார்.

அந்த ஒப்பீடே செல்லாது ஐயா. யூ.பி.எஸ்.ஆர்., அதாவது ஆறாம் ஆண்டில் எழுதிய அரசுத் தேர்வு, கடைசியாக நடந்தது 2019-ல். 2020-ல் தொற்றினால் ரத்து, 2021-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். அது நாடு முழுக்க ஒரே தாள், ஒரே திருத்தும் முறை. 2025-ல் இருப்பது இரண்டு: ஆண்டு முழுக்க ஆசிரியர் பார்த்துப் போடும் வகுப்பறை மதிப்பீடு, அதாவது பி.பி.டி.; நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதியில் நடக்கும் உவாசா தேர்வு. உவாசாவின் கேள்விகள் தேர்வு வாரியத்திலிருந்து வந்தாலும் தாளைத் திருத்துவது அந்தந்தப் பள்ளி ஆசிரியர்தான். பி.பி.டி.யில் 1 முதல் 6 வரை அடைவுநிலை. 3 வந்தால் குறைந்தபட்சம் எட்டியாயிற்று என்று கொள்கிறார்கள். பழைய ‘தேர்ச்சி’யும் இப்போதைய ‘3-உம் அதற்கு மேலும்’ என்பதும் வேறு வேறு அளவுகோல்.

யூ.பி.எஸ்.ஆர். காலத்து எண்ணும் சின்னப் பள்ளிக்கு நியாயம் செய்ததில்லை. 2016 முதல் தமிழ்ப்பள்ளிக்கு 8 தாள். பள்ளியின் சராசரித் தரத்தைக் கணக்கிட ஏ தரத்துக்கு 1, கடைசித் தரமான இ-க்கு 5, எண் குறையக் குறைய நல்லது. 8 பிள்ளைகளின் சராசரி 2.25 என்று வையுங்கள். 64 தாளுக்கு மொத்தம் 144. ஒன்பதாவதாக ஒரு பிள்ளை, எட்டுத் தாளிலும் இ. 40 கூடுகிறது, 184-ஐ 72-ஆல் வகுத்தால் 2.56. ஒரே பிள்ளை பள்ளியின் சராசரியை 0.31 மோசமாக்குகிறது. ஆறாம் ஆண்டில் 65 பேர் உள்ள பள்ளியில் அந்தப் பிள்ளை இருந்த சுவடே தெரியாது.

மலாய் வழித் தேசியப் பள்ளியோடு மலாய்த் தேர்ச்சியை ஒப்பிட்டவர்களுக்கும் சேர்த்து: யூ.பி.எஸ்.ஆரில் தேசிய வகைப் பள்ளிக்கு, அதாவது தமிழ், சீனப் பள்ளிகளுக்கு, மலாய்த் தாள் தனி. அந்த ஒப்பீடும் செல்லாது.

28.01.2025

இந்த வருஷத்து 9 பேர் யார்? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

2024/2025-ல் ஆறாம் ஆண்டு முடித்தவர்கள் 2019-ல் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்கள். 18.03.2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இரண்டாம் ஆண்டில் இரண்டரை மாதம்கூட உட்கார்ந்திருக்கவில்லை. மூன்றாம் ஆண்டின் பெரும்பகுதியும் வீட்டிலிருந்தே. தமிழில் உயிர்மெய் முழுக்கக் கைக்கு வந்து சரளமாக வாசிக்கத் தொடங்குவது அந்த வயதில். மலாயில் அசை கூட்டி வாசிப்பதிலிருந்து வாக்கியத்துக்குப் போவதும் அப்போதுதான். வீட்டில் ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள், அப்பா தொழிற்சாலை வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் கூடவே போய்விடும் என்ற நிலையில் இருந்த பிள்ளைகள் அந்தப் படியைத் தாண்டாமலே நான்காம் ஆண்டுக்கு வந்தார்கள்.

போன வருஷத்து 9 பேர் அப்போது மூன்றாம் ஆண்டில் இருந்தவர்கள். வாசிப்பு ஓரளவு கையில் இருந்தது. ஒரு வயது வித்தியாசம்தான், ஆனால் அடி விழுந்த இடம் வேறு. புதுத் தலைமையாசிரியர் இந்தக் கதையில் ஐந்து வருஷம் தாமதமாக வருகிறார்.

அடுத்த சுற்றுக்கும் இதே கதைதான்: அடுத்து ஆறாம் ஆண்டு முடிப்பவர்கள் 2020-ல் முதலாம் ஆண்டு. அந்தக் கூட்டத்தையும் இப்போதே பெயர்ப்பட்டியலோடு பாருங்கள். அப்போது வந்து “மறுபடியும் சரிந்தது” என்று இங்கே புது விவாத இழை திறக்க வேண்டாம்.

28.01.2025, பிற்சேர்க்கை

பிள்ளை பிறக்க நல்லது என்று சீனர்கள் கருதும் டிராகன் வருஷம் பற்றி ஒருவர் கேட்டார். ஆமாம், இவர்கள் 2012-ல் பிறந்தவர்கள். சீனப்பள்ளிகளில் அந்த வருஷத்துப் பிள்ளைகள் குவிந்தார்கள். நம் பக்கம் டிராகனுக்கு ஒரு தாக்கமும் இல்லை. ஆடி மாதத்துக்கு வேண்டுமானால் இருக்கும்.

03.02.2025

வருகை, வெளியேற்றம். சின்னப் பள்ளியில் பாதி விடை இங்கே கிடக்கிறது, யாரும் கணக்கு எடுப்பதில்லை.

பெற்றோர் இப்போது தகவலோடு வந்திருக்கிறார்: 2019-ல் முதலாம் ஆண்டில் 14 பேர். இன்றைய 9 பேரில் 6 பேர்தான் அந்த 14-இல் இருந்தவர்கள். 8 பேர் போய்விட்டார்கள், 3 பேர் இடையில் வந்தார்கள். 14 − 8 + 3 = 9.

போனவர்கள் யார்? பினாங்கில் இது பெரும்பாலும் வீட்டு விலைக் கதை. பட்டர்வொர்த், பிறை பக்கம் வாடகையில் இருந்தவர்கள் சொந்த வீடு வாங்கும்போது சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், இல்லாவிட்டால் மாநிலம் தாண்டி கெடாவின் சுங்கைப்பட்டாணி என்று போகிறார்கள். 2014-ல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு பத்து காவான் பக்கமும் வீடு முளைத்தது. வீட்டுக்கடன் கிடைக்கும் குடும்பம் என்றால் நிலையான சம்பளச் சீட்டு உள்ள குடும்பம். அந்தப் பிள்ளை பெரும்பாலும் பாலர் பள்ளிக்குப் போன பிள்ளை, வீட்டில் புத்தகம் பார்த்த பிள்ளை.

வந்தவர்கள் யார்? வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், பெற்றோர் பிரிந்து பாட்டி வீட்டுக்கு வந்தவர்கள், அப்பா வேறு மாநிலத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். நான்காம் ஐந்தாம் ஆண்டில் மூன்றாவது பள்ளியாக இங்கே வந்து சேரும் பிள்ளைக்கு ஆறாம் ஆண்டு முடிவில் வரும் அடைவுநிலை எந்தப் பள்ளியின் கணக்கில் சேர வேண்டும்?

ஆகவே இரண்டு வரி தனியாகப் போடுங்கள். முதல் வரி, முதலாம் ஆண்டிலிருந்தே இருக்கும் 6 பேர். இரண்டாம் வரி, இடையில் வந்த 3 பேர். பள்ளி என்ன செய்தது என்று கேட்க முதல் வரி. பள்ளி என்ன செய்ய வேண்டும் என்று கேட்க இரண்டாம் வரி.

04.02.2025

கேட்டதற்கு உடனே பதில் வந்தது: முதல் வரியில் 6-க்கு 5, இரண்டாம் வரியில் 3-க்கு 0.

6-க்கு 5 என்பது 83. இதை வைத்துப் பேனர் கட்டவும் கிளம்பாதீர்கள், 6 பேர் 9-ஐ விடச் சின்ன எண். ஆனால் கேள்வி மாறிவிட்டது பாருங்கள். ‘பள்ளி ஏன் சரிந்தது’ போய், ‘இடையில் வந்த மூன்று பேருக்கு வந்த முதல் மாதத்தில் யார் வாசிப்புச் சோதனை வைத்தார்கள்’ என்று ஆகிவிட்டது. இதற்குத் தலைமையாசிரியர் பதில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மாற்றலாகி வரும் பிள்ளையின் பழைய பி.பி.டி. பதிவு கூடவே வரும், ஆனால் அதில் ‘3’ என்று இருப்பதை நம்பி உட்கார வைத்துவிட்டால் எழுத்துக் கூட்டத் தெரியாதது மாதக்கணக்கில் தெரியாமலே போகும். பெமுலிஹான் ஆசிரியர், அதாவது பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுப்பவர், இருந்தால் முதல் வாரத்திலேயே அவரிடம் அனுப்ப வேண்டும்.

07.02.2025

பெயர்ப்பட்டியல் தாள். என்னென்ன பத்தி (நெடுவரிசை) வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, பெயருக்குப் பதில் எண். பத்திகள்:

சேர்ந்த ஆண்டும் மாதமும். பாலர் பள்ளி போனதா, எந்த மொழியில். வீட்டில் அதிகம் பேசும் மொழி (தமிழ்ப்பள்ளி என்பதால் தமிழ் என்று நினைக்காதீர்கள், ஆங்கிலம் பேசும் வீடு, மலாய் கலந்து பேசும் வீடு எல்லாம் உண்டு). ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவச உணவு தரும் துணை உணவுத் திட்டத்தில் இருக்கிறதா. பள்ளிக்கு எப்படி வருகிறது: வேன், மோட்டார், நடை. போன ஆண்டு வராத நாள். மூன்றாம் ஆண்டு இறுதியில் தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம் அடைவுநிலை. அதே நான்கும் இப்போது.

துணை உணவுத் திட்டத்தை ஏழ்மைக்கு அடையாளமாக வைப்பதில் ஒரு சிக்கல். சம்பளச் சீட்டு இல்லாத அப்பா, விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியாத பாட்டி, இவர்கள் வீட்டுப் பிள்ளை பட்டியலிலேயே வராது. பட்டியலில் இருப்பது ஏழைப் பிள்ளை என்பது சரி. இல்லாதது வசதியான பிள்ளை என்பது சரியில்லை. பள்ளி தொடங்கும்போது அரசு தரும் உதவித்தொகையை அடையாளமாக வைக்கவே முடியாது, அது எல்லாப் பிள்ளைக்கும்.

வராத நாள் பத்தியைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஆண்டுக்குக் குறைந்தது 190 பள்ளி நாள். அதில் பத்தில் ஒன்று 19. அந்த 19-ஐத் தாண்டிய பிள்ளைகளை வட்டமிட்டுவிட்டு, அடைவுநிலை 1, 2 வாங்கியவர்களை வட்டமிட்டுப் பாருங்கள். இரண்டு வட்டமும் எத்தனை தடவை ஒரே வரியில் விழுகிறது என்பதைப் பார்த்தால் தனி வகுப்புக்குப் பணம் திரட்டுவதை விட்டுவிட்டு வேன்காரரிடம் பேசப் போவீர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு கலைந்து குடும்பங்கள் சிதறிவிட்ட பிறகும் பழைய இடத்திலேயே நிற்கும் பள்ளி என்றால் வேன்தான் பள்ளியின் உயிர். வேன் பழுதானால் ஒரு வகுப்பில் பாதி காலி.

07.02.2025, சற்றுப் பிறகு

தாளைக் கூட்டத்தில் திரையில் போட்டுவிடாதீர்கள்! 9 பேர் வகுப்பில் ‘துணை உணவில் இருப்பவர் 2, இருவரும் தேறவில்லை’ என்று போட்டால் யார் யார் என்று கடைசி வரிசைக்கும் தெரியும். 5 பேருக்குக் குறைந்த எந்தப் பிரிவையும் பொதுவில் காட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு மூன்று ஆண்டைச் சேர்த்த மொத்தம் போதும். தாள், வகுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் பார்ப்பதற்கு. பெற்றோருக்கு அவரவர் பிள்ளையின் வரி மட்டும்.

13.02.2025

தைப்பூசக் கூட்டத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் இந்த இழையைப் பற்றிப் பேச்சு அடிபட்டதாம். பரவாயில்லை, காவடிக்கு நடுவிலும் பைனாம்.டிஸ்ட்.

நிபோங் திபால் டீச்சர் ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார்: “எல்லாவற்றையும் தற்செயல், தொற்று, வாடகை வீடு என்று தள்ளிவிட்டால் ஆசிரியருக்கு ஒரு பொறுப்பும் இல்லையா? நானே ஆசிரியர், எனக்கே இது கூச்சமாக இருக்கிறது.”

நியாயமான கேள்வி டீச்சர். 9 பேரை வைத்தும் ஆசிரியர் பணியைப் பற்றிப் பேசலாம், விழுக்காட்டை வைத்துத்தான் முடியாது. நான் நம்பும் அடையாளங்கள் சில:

ஒரே பாடத்தில் மட்டும் 9 பேரில் 7, 8 பேர் போன ஆண்டை விட ஒரு நிலை இறங்கி, மற்றப் பாடங்களில் அப்படியே இருந்தால் அது பிள்ளை விஷயம் இல்லை. அந்தப் பாடத்தில் ஏதோ நடந்திருக்கிறது.

மூன்று ஆண்டு தொடர்ச்சியாக, மூன்று வேறு கூட்டங்களில், நான்காம் ஆண்டில் மட்டும் இறக்கம் என்றால் நான்காம் ஆண்டுக் கற்பித்தலைப் பார்க்க வேண்டும். கட்டுரை நீளமாவதும், கணிதத்தில் வாக்கியக் கணக்கு கனமாவதும் அங்கேதான், அதனால் கொஞ்சம் இறக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஐந்தில் ஏறி வருகிறார்களா என்பதைக் கவனியுங்கள்.

முதலாம் ஆண்டிலிருந்தே இருக்கும் பிள்ளை, வராத நாள் குறைவு, ஆனாலும் மூன்றாம் ஆண்டு முடிவில் வாசிக்கவில்லை. இப்படி ஒரே ஒரு பிள்ளை இருந்தாலும் போதும், தற்செயல் என்று சொல்ல இடமில்லை. கற்றல் குறைபாட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, எப்போது அனுப்பினார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் எனக்கு இப்போது உறைக்கிறது. மூன்று ஆண்டைச் சேர்த்துப் பார் என்று நான் சொன்ன அறிவுரை மெதுவான சரிவை மறைக்கும். 8, 7, 5 என்று இறங்கினாலும், 5, 7, 8 என்று ஏறினாலும் மொத்தம் 27-க்கு 20. கூட்டத்துக்கு மொத்தத்தைக் காட்டுங்கள், ஆசிரியர் அறையில் மூன்றையும் தனித்தனியே வைத்துப் பேசுங்கள்.

14.02.2025

அடைவுநிலையைச் சராசரி எடுக்காதீர்கள். ‘பள்ளியின் சராசரி 3.4’ என்று அறிக்கை பார்த்தேன். 2-லிருந்து 3-க்குப் போவதும் 5-லிருந்து 6-க்குப் போவதும் ஒரே தூரமா என்ன? இவை படிகள், எடை இல்லை. ஏறியவர் எத்தனை, நின்றவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று மூன்று எண் போடுங்கள்.

அடைவுநிலை போடுவது ஆசிரியரின் தொழில்முறைக் கணிப்பு. ஒருவர் கை தாராளம், ஒருவர் கை இறுக்கம். அதனால்தான் பென்யெலாராசான் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஒரே பாட ஆசிரியர்கள் உட்கார்ந்து அளவுகோலை ஒத்துப்பார்ப்பது. 64 பேர் பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர். யாரோடு ஒத்துப்பார்ப்பது, கண்ணாடியோடா? பக்கத்துச் சின்னப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து செய்ய வேண்டும். ஆளுக்கு மூன்று கட்டுரை: நல்லது, நடுத்தரம், மோசம். பெயரை மறைத்து, நகலெடுத்து, தனித்தனியே நிலை போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். ஒரே கட்டுரைக்கு ஒருவர் 3, ஒருவர் 5 போட்டிருந்தால் வேலை இருக்கிறது.

புதுத் தலைமையாசிரியர் வந்த வருஷம் என்றதால் கேட்கிறேன்: பழையவர் இருந்தபோது இருந்த அதே ஆசிரியர்தான் இப்போதும் ஆறாம் ஆண்டுக்கு நிலை போட்டாரா? கை மாறியிருந்தால் 8-க்கும் 5-க்கும் நடுவில் அதுவும் ஒளிந்திருக்கும்.

18.02.2025

பள்ளி திறந்தாயிற்று. அடைவுநிலையை நம்பாமல் பள்ளியே வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் அளவு கேட்டார்கள். ஒரு நிமிட வாசிப்பு. செலவு இல்லை.

பிள்ளையின் ஆண்டுக்கு ஒரு படி கீழான பாடநூலிலிருந்து, அவர்கள் முன்பு வாசித்திராத ஒரு பத்தி. தமிழுக்கு ஒன்று, மலாய்க்கு ஒன்று. தனியறையில், ஒரு பிள்ளை ஒரு ஆசிரியர். ஆசிரியர் கையில் அதே பத்தியின் நகல், வரி முடிவில் அதுவரை எத்தனை எழுத்து என்ற கூட்டுத்தொகை எழுதியிருக்க வேண்டும். கடிகாரம் முதல் சொல்லில் தொடங்கி 60 வினாடியில் நிற்க வேண்டும். தப்பாக வாசித்ததைக் கோடிடுங்கள், தானே திருத்திக்கொண்டால் தப்பில்லை. 3 வினாடி திணறினால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தப்பாக எண்ணிக்கொள்ளுங்கள். முடிந்ததும் புத்தகத்தை மூடி, என்ன வாசித்தாய் என்று இரண்டு கேள்வி. வேகமாக வாசித்து ஒன்றும் புரியாத பிள்ளைகளை இந்த இரண்டு கேள்விதான் காட்டிக்கொடுக்கும்.

தமிழுக்குச் சொல் எண்ணாதீர்கள், எழுத்து எண்ணுங்கள். ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது ஒரு சொல். மலாயில் அதே நேரத்தில் பிள்ளை ஐந்தாறு சொல் வாசித்துவிடும். சொல்லைக் கணக்கிட்டு ‘நம் பிள்ளைகள் தமிழை விட மலாயை வேகமாக வாசிக்கிறார்கள்’ என்று யாராவது கட்டுரை எழுதிவிடப் போகிறார்கள்.

பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, ஆண்டிறுதியில் ஒன்று. பத்தி மாற வேண்டும், கடினம் மாறக்கூடாது. ஒரே பத்தியை மூன்று தடவை வைத்தால் ஆண்டிறுதியில் மனப்பாடம் ஒப்பிப்பார்கள். 64 பேருக்கும் ஒரு ஆசிரியர் வைத்தால் இரண்டு காலைப்பொழுது. இதுதான் சின்னப் பள்ளியின் வசதி, 600 பேர் பள்ளியில் நினைத்துப் பார்க்க முடியாது.

02.03.2025

27 பிள்ளைகள் உள்ள பள்ளியிலிருந்து ஒரு தங்கை: “எங்களுக்கு ஆறாம் ஆண்டில் 3 பேர். என்ன கணக்கு போடுவது?”

ஒன்றும் போடாதீர்கள். 3 பேருக்கு விழுக்காடு என்றால் 0, 33, 67, 100 நான்கே விடை. 30-க்கும் கீழே என்பதால் உங்களுக்கு வகுப்புகளும் கூட்டு வகுப்பாக, அதாவது இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில், இருக்கும். அங்கே கவனிக்க வேண்டியது, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஆறாம் ஆண்டுப் பாடத்தின் நடுவில் எத்தனை நேரம் சும்மா பயிற்சி எழுதிக்கொண்டிருக்கிறது என்பது. நேர அட்டவணையில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஆசிரியர் நேரடியாகப் பேசும் நிமிடத்தைக் குறித்துப் பாருங்கள். 60 நிமிடப் பாடம் 30-30 ஆகப் பிரிவதே இல்லை, சத்தம் போடும் பக்கம் கூடுதலாகப் போகும்.

பணமும் அப்படித்தான். தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியத்தில் 27 பேருக்கு வருவது சொற்பம், ஆனால் நகலெடுக்கும் இயந்திரத்தின் வாடகை 27 பேருக்கும் 600 பேருக்கும் ஒன்றுதான்.

16.03.2025

முதல் கேள்விக்கே வருகிறேன், மகனை மாற்றலாமா என்று பட்டர்வொர்த் பெற்றோர் மறுபடி கேட்டிருக்கிறார். 56-ஐ வைத்து மாற்றாதீர்கள். மகனின் வரியைக் கேட்டு வாங்குங்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்து, பள்ளியில் அதற்கு ஏற்பாடு எதுவும் இல்லையென்றால் மாற்ற அது நல்ல காரணம். புதுப் பள்ளியில் அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அங்கே இடையில் வந்த பிள்ளைகளின் வரியில் இன்னொரு பெயராகத்தான் இருப்பான். 11 பேர் வகுப்பிலிருந்து 35 பேர் வகுப்புக்குப் போகிறான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

16.03.2025, இரவு

கடைசியாக, ஆறாம் ஆண்டு முடித்த அந்த 9 பேர் எங்கே போனார்கள் என்று யாராவது எழுதி வைத்தீர்களா? பள்ளியின் உண்மையான அறிக்கை அங்கேதான் இருக்கிறது: எத்தனை பேர் நேரே படிவம் 1 (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு), மலாயில் பின்தங்கி எத்தனை பேர் அதற்கு முந்திய புகுமுக வகுப்பு. புகுமுக வகுப்புக்குப் போனவர் படிவம் 5-ன் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுத ஒரு வருஷம் கூடும். இடையில் நின்றுவிடும் ஆபத்து அந்த ஒரு வருஷத்தில்.

பதில் வந்தது: 9 பேரும் 4 இடைநிலைப்பள்ளிகளில். அப்படியென்றால் தமிழ் வகுப்பு? “படிவம் 1-ல் 15 பேர் இருந்தால்தான் தமிழ் நடத்துவார்கள், எங்களிடம் அவ்வளவு பேர் இல்லை” என்று எழுதியிருக்கிறார்கள். 1996 கல்விச் சட்டத்தில் இருப்பது அந்தப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் என்பது. ஒரு படிவத்தில் 15 என்று இல்லை. படிவம் 1 முதல் 5 வரை சேர்த்து எண்ணலாம். ஆறாம் ஆண்டில் 9 பிள்ளைகள் உள்ள பள்ளி தனியாக எண்ணினால் எங்கேயும் 15 வராது. சுற்றியுள்ள தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், எந்த இடைநிலைப்பள்ளிக்கு யார் யார் போகிறார்கள் என்ற பட்டியலை ஒன்றுசேர்த்தால் வரும். பெற்றோர் கையெழுத்தோடு கடிதம் இடைநிலைப்பள்ளி முதல்வருக்கு, நகல் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு. பிள்ளை ஆறாம் ஆண்டில் இருக்கும்போதே பட்டியலைத் தயாராக்கி, பள்ளி திறந்த முதல் வாரத்தில் கொடுத்துவிட வேண்டும். நேர அட்டவணை போட்டு முடித்த பிறகு போனால், அடுத்த ஆண்டு வாருங்கள் என்பார்கள்.